சின்ன லேத்துக்கு பார்ட்டிங் ஹோல்டர் வாங்கும் முன் உங்கள் மிசினை அளந்துவிடுங்கள்

வீட்டுப் பின்கட்டிலோ சின்ன ஷெட்டிலோ மினி லேத் வைத்து வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்னிங், ஃபேசிங், ட்ரில்லிங் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். முடிந்த பீஸை ராடிலிருந்து வெட்டி எடுக்கும்போது (இதைத்தான் பார்ட்டிங் என்கிறோம்) மட்டும் மிசின் அதிரும், கத்தும், பிளேடு உடையும். எனக்கு அப்படித்தான் ஆனது. வெட்டும் பிளேடைப் பிடிக்க எந்த ஹோல்டர் வாங்கலாம் என்று தேடினால், டன் கணக்கில் எடையுள்ள லேத்தில் வேலை செய்பவர்கள் சொல்வதுதான் கிடைத்தது. நாற்பது கிலோ சொச்சம் எடையுள்ள மிசினுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேறு என்று ஒருவரும் சொல்லவில்லை. பொருந்தாத ஹோல்டர்கள், உடைந்த கியர், கருகிய போர்டு என்று 14,400 ரூபாய் போனது. கைவிட்டுப் போன ஆர்டரில் இன்னொரு 9,000 ரூபாய். அதைவிட, மிசின் பக்கம் போகவே மனசு வராமல் கிடந்த நாட்கள்தான் எனக்குப் பெரிய இழப்பு.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வேலையை விட்ட பிறகு, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று 7 இஞ்ச் ஸ்விங் மினி லேத் ஒன்று வாங்கினேன். பெட்டுக்கு மேல் 180 மி.மீ. விட்டம் சுழலும், ஸ்பிண்டில் (ராடைப் பிடிக்கும் சக்கைச் சுழற்றும் அச்சு) துளை 20 மி.மீ., வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பல பேர் வீட்டில் இருக்கும் அதே வகைதான். பம்ப் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர், 18 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடில் ஸ்டெப் பின் கேட்டார். ராடு ஸ்பிண்டில் துளைக்குள் போய்விடும், படி கடைந்து, விளிம்பின் கூர்மையை மழுக்கி, வெட்டி எடுத்தால் முடிந்தது. டர்னிங் எல்லாம் அளவு பிசகாமல் வந்தது. வெட்ட மட்டும் ஹோல்டர் தேவைப்பட்டது.

முதலில் ஆன்லைனில் ஒரு கடைக்காரரிடம் போனில் பேசினேன். மிசின் மாடலைச் சொல்லிக் கேட்டேன். "சின்ன லேத், பெரிய லேத் எல்லாத்துக்கும் இதுதாங்க சார் போகுது" என்று சொல்லி 16 மி.மீ. ஷாங்க் (பிடிக்கும் தண்டு) உள்ள, வெட்டும் முனையை மட்டும் மாற்றிப் போடும் இன்சர்ட் ஹோல்டர் ஒன்றை அனுப்பினார். 1,900 ரூபாய். பெட்டியைப் பிரித்து, லேத்தில் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் வைத்தால் ஸ்லாட்டுக்குள் நுழையவே இல்லை. பிரித்த டூலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். ஹோல்டர் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கிற இன்சர்ட் ஹோல்டர்களில் பெரும்பாலும் ஷாங்க் எத்தனை மி.மீ. உயரமோ, வெட்டும் முனையும் அடியிலிருந்து அத்தனை மி.மீ. உயரத்தில்தான் இருக்கும். 16 மி.மீ. ஹோல்டரின் முனை 16 மி.மீ. உயரத்தில், 12 மி.மீ. ஹோல்டரின் முனை 12 மி.மீ. உயரத்தில். ஆகவே உங்கள் டூல் போஸ்ட் ஸ்லாட்டின் தரையிலிருந்து ஸ்பிண்டில் சென்டர் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் எந்த ஹோல்டரும் வாங்கக் கூடாது. அளப்பது எளிது. ஒரு துண்டு ராடைச் சக்கில் பிடித்து, சரியாக 20 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்துகொள்ளுங்கள். டூல் போஸ்டைக் கழற்றிவிட்டு, காம்பவுண்டின் (டூல் போஸ்டுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்லைடு) மேல்முகத்திலிருந்து அந்த ராடின் அடிப்பக்கம் வரை உள்ள இடைவெளியை அளந்து, அதோடு 10ஐக் கூட்டுங்கள். அதிலிருந்து டூல் போஸ்டின் அடித்தட்டு கனத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் மிசினுக்கு உரிய உயரம். என்னுடையதில் இடைவெளி 16.5, கூட்டினால் 26.5, அடித்தட்டு 16, மிச்சம் 10.5 மி.மீ. அப்படியென்றால் 10 மி.மீ. ஷாங்க் வாங்கி அடியில் அரை மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம். 12 மி.மீ. வாங்கினால் அடியில் ஒன்றரை மி.மீ. மில்லிங் செய்து எடுக்க வேண்டும். 16 மி.மீ. எந்த வழியிலும் ஆகாது. கால் மணி நேர வேலை இது. விற்பவர் ஒருவராவது "உங்க சென்டர் ஹைட் என்னங்க?" என்று கேட்டிருந்தால் எனக்கு 1,900 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அடுத்து வேறு கடையில் 12 மி.மீ. ஹோல்டரும் 3 மி.மீ. அகல இன்சர்ட்டுகளும் 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். 10 மி.மீ. அப்போது எங்கும் ஸ்டாக் இல்லை. பக்கத்து மில்லிங் பட்டறையில் கொடுத்து அடியில் ஒன்றரை மி.மீ. எடுத்து வாங்கினேன். முனை சரியாக சென்டரில் நின்றது. கேரேஜை (பெட்டின் மேல் டூலைச் சுமந்து நகரும் பகுதி) இறுக்கி, ஆயில் விட்டு, மெதுவாக உள்ளே கொடுத்தேன். முதல் இரண்டு மி.மீ. அழகாக இறங்கியது. பிறகு கிர்ரென்று ஒரு சத்தம், ராடு முழுக்க அலை அலையாகத் தடம். அதிருகிறதே என்று கையைத் தளர்த்தி மெதுவாக்கினால் சத்தம் இன்னும் கூடியது. திடீரென்று முனை ராடுக்குள் குத்திக்கொண்டு சுழற்சி அப்படியே நின்றது. மோட்டார் மட்டும் உறுமுகிறது, சக் அசையவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹெட்ஸ்டாக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே நைலான் கியரில் வரிசையாகப் பல்லைக் காணோம். வெள்ளைத் துணுக்குகள் கிரீஸில் ஒட்டிக்கிடந்தன. கியர் செட்டும் கூரியரும் சேர்த்து 2,400 ரூபாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் குத்துகிறது என்பது பிறகுதான் புரிந்தது. முன்பக்கம் பிடித்திருக்கும் பார்ட்டிங் டூலின் மேல் விசை கீழ்நோக்கி இறங்குகிறது. டூல், டூல் போஸ்ட், காம்பவுண்ட் எல்லாம் ஒரு மயிரிழை வளைந்து கொடுக்கும்போது, முனை கீழே போவதோடு ராடை நோக்கி உள்ளேயும் சாய்கிறது, ஏனென்றால் வளையும் புள்ளி முனைக்குக் கீழே, உங்கள் பக்கம் இருக்கிறது. உள்ளே சாய்ந்தால் வெட்டு கனமாகிறது, கனமானால் விசை கூடுகிறது, விசை கூடினால் இன்னும் சாய்கிறது. பெரிய லேத்தில் வளைவு மிகக் குறைவு என்பதால் இது அவ்வளவாக நடப்பதில்லை. மினி லேத்தில் வளைவை முழுதாக ஒழிக்க முடியாது, விசையைத்தான் குறைக்க வேண்டும். விசை வெட்டின் அகலத்தோடு நேராகக் கூடும். 3 மி.மீ. இன்சர்ட்டை 2 மி.மீ. ஆக்கினாலே சுமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே இந்த வகை மிசினுக்கு 3 மி.மீ. ஹோல்டரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். 2 மி.மீ. மேல்வரம்பு, ஒன்றரை மி.மீ. இன்னும் நல்லது.

கார்பைடு இன்சர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் விளிம்பு உடையாமல் இருக்க பெரும்பாலும் லேசாக மழுக்கித்தான் செய்கிறார்கள். அது வெட்ட வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. அளவிலாவது தைரியமாக ஃபீட் கொடுக்க வேண்டும், வேகமும் வேண்டும். அதற்குக் கீழே போனால் வெட்டாமல் தேய்க்கும், அதிர்வு கிளம்பும். பயந்து பயந்து கொடுத்தால் சத்தம் கூடியதற்குக் காரணம் இதுதான். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடைக் கூர்மையாகச் சாணை பிடித்தால் குறைந்த வேகத்திலும் சின்ன ஃபீடிலும் அமைதியாக வெட்டும். உடைந்தால் மறுபடி சாணை பிடித்துக்கொள்ளலாம். பித்தளை, அலுமினியத்தில் இன்சர்ட்டே எனக்கு நன்றாக வருகிறது. எம்எஸ் என்றால் என் வாக்கு எச்எஸ்எஸுக்குத்தான். கூடவே விவரப்பட்டியலில் அதிகபட்ச வெட்டு ஆழம் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். சின்ன ஷாங்க் இன்சர்ட் ஹோல்டர்களில் அது குறைவு. படத்தில் நீளமாகத் தெரியும், பாதி வழியில் ஹோல்டரின் உடம்பு ராடில் முட்டும்.

கியரை மாற்றிய பிறகு எச்எஸ்எஸ் பிளேடு பிடிக்கும் குவிக் சேஞ்ச் ஹோல்டர் வாங்கினேன். அதற்குரிய டூல் போஸ்ட் ஏற்கெனவே மிசினோடு தள்ளுபடியில் வந்திருந்தது, ஹோல்டரும் பிளேடும் மட்டும் 2,700 ரூபாய். உயரத்தைத் திருகிச் சரி செய்துகொள்ளும் வசதி இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்றுதான் நினைத்தேன். வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. பீஸின் முகம் குழிந்து வந்தது. பிளேடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது முகத்தில் மட்டும் பளபளவென்று உரசிய தடம், வலது முகம் கடையில் வாங்கியபடியே மங்கலாக இருந்தது. பார்ட்டிங் பிளேடின் மேல்விளிம்பு அகலமாகவும் கீழே வரவர ஒடுங்கியும் இருக்கும், வெட்டிய பள்ளத்தில் உரசாமல் இருக்கத்தான் அப்படி. ஹோல்டரின் ஸ்லாட் சுவரோ செங்குத்து. போல்ட்டை இறுக்கினால் பிளேடின் சாய்ந்த முகம் சுவரோடு படிந்து, பிளேடு முழுசும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த பக்கம் பள்ளத்தின் சுவரை உரசுகிறது, ஆழம் போகப்போக இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அப்படி ஒருமுறை பிடித்துக்கொண்டபோதுதான் கண்ட்ரோல் போர்டு கருகிய வாசனை வந்தது. 5,800 ரூபாய்.

ஆகவே கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் பிளேடை ஹோல்டரில் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன மூலைமட்டத்தை வைத்து இரண்டு முகத்திலும் வெளிச்சம் பாருங்கள். மேலிருந்து கீழே வரவர அகலும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வாய் பிளந்தால் அந்த ஹோல்டரும் அந்தப் பிளேடும் ஜோடி இல்லை. கீழ் விளிம்பில் மெல்லிய பித்தளைத் தகட்டை ஷிம்மாக வைத்து நிமிர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அந்த வேலை இருக்கும். இன்னொன்று, சில ஹோல்டர்கள் பிளேடை முன்பக்கம் சற்றுத் தூக்கிச் சாய்வாகப் பிடிக்கும். அதில் பிளேடை வெளியே நீட்டினால் முனை உயரும், உள்ளே இழுத்தால் தாழும். சாணை பிடித்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் சென்டரைத் திரும்பச் சரி பார்க்க வேண்டும். படுக்கை வாட்டத்தில் மட்டமாகப் பிடிக்கும் ஹோல்டரில் முன்முகத்தை மட்டும் சாணை பிடித்தால் உயரம் மாறவே மாறாது. சின்ன மிசினுக்கு மட்டமான ஹோல்டரைத்தான் தேடுவேன்.

இதற்குள் ஸ்டெப் பின் கேட்ட அண்ணன், "தம்பி, பீஸ் எப்பங்க கெடைக்கும்? கஸ்டமர் வந்து நிக்கிறாருங்க" என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கடைசியில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், வேலை வேறு பட்டறைக்குப் போனது. டூலை ராடுக்குள் செலுத்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும் நிலைமைக்கு வந்திருந்தேன். எந்த நொடியில் குத்துமோ என்று காதையே தீட்டிக்கொண்டு நிற்பேன். வீட்டில் இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? லேத்தை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் கம்பெனியில் பழகிய வேலை கைகொடுத்தது. ஹோல்டர் தேடுவதை நிறுத்திவிட்டு, எது அசைகிறது என்று அளந்தேன். நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயலை பெட்டில் நிறுத்தி, டூல் போஸ்டின் மேல், காம்பவுண்டின் மேல், கிராஸ் ஸ்லைடின் மேல் என்று ஒவ்வொன்றாக முள்ளை வைத்து, ஒரு மரக்கட்டையால் டூல் முனையை ஒரே அளவாகக் கீழே அழுத்திப் பார்த்தேன். கிராஸ் ஸ்லைடில் முள் அசையாத குறை. காம்பவுண்டில் ஏறியவுடன் நன்றாக நகர்ந்தது. ஸ்லைடின் தளர்வைச் சரி செய்யும் கிப்பை இறுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இந்த வகை லேத்தில் காம்பவுண்ட் சின்னது, அதன் அடிப்பிடிப்பு குறுகலானது, அதன் மேல் டூல் போஸ்ட், அதன் மேல் ஹோல்டர், அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டு பிளேடு. எந்த விலையில் ஹோல்டர் வாங்கி வைத்தாலும் இந்தக் காம்பவுண்டின் மேல்தானே உட்காரப் போகிறது? ஒவ்வொரு ஹோல்டராகக் காசைக் கொட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்கள் மிசினில் அசைவது வேறு இடமாகவும் இருக்கலாம். பல மினி லேத்துகளில் ஸ்பிண்டிலுக்கு 6206 பால் பேரிங்தான் போட்டிருப்பார்கள். சக்கில் ராடைப் பிடித்து மேலும் கீழும் நெம்பி அதன் ஆட்டத்தையும் டயலில் பாருங்கள்.

பார்ட்டிங்குக்கு காம்பவுண்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பீஸை வெட்ட கிராஸ் ஸ்லைடு மட்டும் நகர்ந்தால் போதுமே. காம்பவுண்டைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்த அதே போல்ட் துளைகளில், கிராஸ் ஸ்லைடின் மேல் நேராக இறங்கும்படி ஒரே துண்டு எம்எஸ் கட்டையைச் செய்ய வைத்தேன். பிளேடுக்கான ஸ்லாட் அந்தக் கட்டையிலேயே வெட்டியது. பக்கத்தில் ஒரு தகடு, இரண்டு ஆலன் போல்ட், ஒடுங்கும் பிளேடு நிமிர்ந்து நிற்க கீழ் விளிம்பில் இரு பக்கமும் பித்தளை ஷிம். சிட்கோ பக்கம் ஒரு பட்டறையில் துண்டு இரும்பும் மில்லிங் கூலியும் சேர்த்து 950 ரூபாய் ஆனது. முனையை அதே மாதிரி அழுத்தினால் டயலில் முன்பு காட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்றைக்கே 18 மி.மீ. எம்எஸ் ராடை வெட்டினேன். சுருள் சுருளாகச் சீராக வந்தது, சத்தம் இல்லை. பீஸ் தட்டில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிளேடு அரை இஞ்ச் உயரம், 1/16 இஞ்ச் கனம், அதாவது சுமார் 1.6 மி.மீ. கனத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. அந்தக் கணக்கில் சுமார் 13 மி.மீ. வரை நீட்டலாம், 25 மி.மீ. ராடு வரை வெட்டலாம். 18 மி.மீ. ராடுக்கு 10 மி.மீ. நீட்டினால் போதும். 25க்கு மேல் எம்எஸ் என்றால் நான் ஹேக்ஸாவில் அறுத்து, திருப்பிப் பிடித்து ஃபேசிங் செய்துவிடுகிறேன். மெனக்கெட்டு அதையும் லேத்தில்தான் வெட்டுவேன் என்று நிற்பதில் லாபம் இல்லை.

உயரத்தை மட்டும் எப்போதும் விட்டுவிடாதீர்கள். கடைந்த ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் 6 இஞ்ச் ஸ்கேலை லேசாக நெருக்கிப் பிடியுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சென்டர். ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயரம். அரை மி.மீ. தானே என்று நினைக்கத் தோன்றும். முன்முகக் கிளியரன்ஸ் (விளிம்புக்குக் கீழே முகம் உள்வாங்கும் கோணம்) 7 டிகிரி உள்ள டூல் அரை மி.மீ. உயர்ந்திருந்தால், ராடு தடிமனாக இருக்கும் வரை வெட்டும், விட்டம் 8 மி.மீ. பக்கம் வந்தவுடன் விளிம்புக்குக் கீழே உள்ள முகம் முட்டி வெட்டு நின்றுவிடும். பாதி வரை நன்றாக வந்து அப்புறம் மக்கர் பண்ணுகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்துக்கு, எச்எஸ்எஸ் பிளேடில் எம்எஸ் என்றால் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். 18 மி.மீ. ராடுக்கு அது 350 ஆர்பிஎம். வெட்டும் இடம் சக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும். எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் சென்டரால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வெட்டி முடிக்காதீர்கள், கடைசியில் பீஸ் நெரிந்து பிளேடைக் கவ்வும். எம்எஸ்ஸுக்குப் பிரஷ்ஷில் கட்டிங் ஆயிலைப் பள்ளத்துக்குள் விட்டுக்கொண்டே இருங்கள், பித்தளையைக் காய்ந்தபடியே வெட்டலாம். ஆழமான வெட்டு என்றால் பாதியில் வெளியே எடுத்து, அரை மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி இறக்குங்கள், சுருள் சிக்காது. பிளேடின் முன்முனையைச் சாய்வாகச் சாணை பிடித்தால் பீஸில் நடுமுளை நிற்காது என்பார்கள். மெல்லிய பிளேடில் அது வெட்டை ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. எனக்கு நேர்முனைதான் ஒத்துவருகிறது, நடுமுளையை அரத்தில் தேய்த்துக்கொள்கிறேன். கேரேஜ் லாக் சில மிசின்களில் வருவதே இல்லை. முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

சென்டருக்கு அந்தப் பக்கம், பிளேடைத் தலைகீழாகப் பிடிக்கும் பின்பக்க டூல் போஸ்ட் இன்னும் நல்லது. அங்கே விசை மேல்நோக்கிப் போகிறது, வளைந்தால் முனை ராடை விட்டு விலகும், சுருளும் கீழே விழுந்துவிடும். மினி லேத்தின் கிராஸ் ஸ்லைடு குட்டையாக இருப்பதால் அதற்கு நீளமான ஸ்லைடு செய்ய வேண்டும் அல்லது துளையிட்டு மரை வெட்ட வேண்டும். காசு சேர்ந்ததும் செய்வேன். அதுவரை இந்தக் கட்டையே போதும்.

கட்டை செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு அளவுதான் முக்கியம். கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து ஸ்பிண்டில் சென்டர் வரை உள்ள உயரம் என் மிசினில் 55 மி.மீ. பிளேடு உயரம் 12.7 மி.மீ., ஆகவே ஸ்லாட்டின் தரை கட்டையின் அடியிலிருந்து 42.3 மி.மீ. அதை 42.2 என்று கேட்டு வாங்கினேன், குறைந்தால் ஷிம் வைக்கலாம், கூடினால் மறுபடி மில்லிங்குக்கு அலைய வேண்டும். என் அளவை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாடலிலேயே மிசினுக்கு மிசின் மாறும். துண்டு ராடைக் கடைந்து நீங்களே அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள்.